‘லேக்’ என்றொரு கெட்ட வார்த்தை

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தியேட்டரில் ஒரு மனிதர் காணாமல் போய்விட்டார். போலீஸுக்குப் போக முடியாது. அவர் என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். காணாமல் போனது திரையில்!

வழக்கம்போல் இந்த வாரப் படத்தைப் பற்றி நாலு கிண்டல், ரெண்டு கிசுகிசு என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. காபி கொடுத்துப் பார்த்தார்கள், அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

முதலில் ஜெரோமைப் பற்றி. தொம்மலூரில் எங்கள் ஆபீஸில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க் அவருடையது. யாருக்கு எந்த கேப், எந்த டிரைவர் எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று நாள் முழுக்க போனும் கையுமாக இருப்பார். வீடு அல்சூர். குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. அம்மா ஆரோக்கியம், அக்கா ஸ்டெல்லா, இவர். மூன்று பேர்தான்.

ஜெரோமுக்கு நடிப்புப் பைத்தியம். லீவு கிடைத்தால் சென்னைக்கு ரயிலேறி ஆடிஷன். இதுவரை எத்தனையோ படத்தில் ‘நடித்திருக்கிறார்’. லஞ்ச் நேரத்தில் போனில் காட்டுவார். “ஹீரோவைப் பாக்காதீங்கண்ணா. பின்னாடி, அந்த ஜன்னல் பக்கம்... நீல சட்டை... அந்த முழங்கை நான்தான்!”

இந்த முறை முழங்கை இல்லை. முழு ஆள். முழுதாக ஒரு காட்சி. அப்பா இறந்துபோன செய்தி கேட்டு ஹீரோ கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி பிணவறைக்கு ஓடி வருகிறான். அங்கே வேலை செய்பவராக ஜெரோம். இறந்தவரின் சட்டையை மகன் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது.

நான் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியிலேயே பார்த்துவிட்டேன். பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே, தொழில்! அந்தச் சட்டையை அவர் கொடுத்த விதம் இருக்கிறதே... அதைக் கடைசியில் சொல்கிறேன். இன்டர்வெல் வரை இரைச்சலாக இருந்த தியேட்டர் எனக்கு அங்கேதான் மறந்துபோனது. வெளியே வந்ததும் போன் போட்டேன்.

“எதுவும் சொல்லாதீங்கண்ணா, ப்ளீஸ்” என்றார் ஜெரோம். “நானே இன்னும் பாக்கல. அம்மாகூடத்தான் பாக்கணும்.”

அப்படியானால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போக வேண்டியதுதானே? போக முடியாது. தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் அந்த வீட்டில் கறி, மீன், சினிமா எதுவும் கிடையாது. அதிலும் வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், டி.வி. மேல் துணி போட்டு மூடிவிடுவார் ஆரோக்கியம் அம்மா. ஆனால் ஞாயிறு தவக்கால நாட்களின் கணக்கில் வராது. அந்தச் சலுகையை மகனுக்காக அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஞாயிறு பூசை முடிந்து நேராகத் தியேட்டர். எனக்கும் சேர்த்து ஒரே வரிசையில் டிக்கெட்.

இரண்டு நாள்தானே? இரண்டு நாளில் படம் எங்கே ஓடிப்போய்விடும்?

படம் ஓடிப்போகவில்லை. மற்றது எல்லாம் நடந்தது.

வெள்ளிக்கிழமை நான் வெளியே வரும்போதே ஆரம்பித்துவிட்டது. வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு ஒரு சேனல்காரர். எனக்கு முன்னால் ஒரு இளைஞர், கையில் காலி பாப்கார்ன் டப்பா.

“ஃபர்ஸ்ட் ஆஃப் தீயா இருக்கு ப்ரோ. செகண்ட் ஆஃப் லேக். அந்த ஆஸ்பத்திரி சீனெல்லாம் எதுக்குன்னே தெரியல. தூக்கிட்டா படம் பிளாக்பஸ்டர்!”

இவரை எனக்குத் தெரியும். எனக்கு முன் சீட். அந்த ஆஸ்பத்திரி காட்சி முழுக்கக் குனிந்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போன் வெளிச்சம் என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்ததால் சொல்கிறேன். லேக் என்றால் இழுவையாம். பார்க்காத காட்சி எப்படி ஐயா லேக் ஆகும்?

ஞாயிறு. பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு ஆரோக்கியம் அம்மா. இஸ்திரி போட்ட சட்டையில் ஜெரோம். ஸ்டெல்லா கையில் வீட்டில் செய்த முறுக்கு. பாதுகாப்பு ஆள் அதை வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். அந்தக் கோபத்தைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். லாபியில் படத்தின் பெரிய போஸ்டர். அதன் மேல் குறுக்காகப் புதிதாக ஒரு ஸ்டிக்கர் – ‘இப்போது இன்னும் விறுவிறுப்பாக!’

அப்படியென்றால் எதையோ வெட்டியிருக்கிறார்கள். டிக்கெட் கிழிக்கும் பையனைத் தனியாகப் பிடித்து எவ்வளவு வெட்டினார்கள் என்று கேட்டேன்.

“ஹன்னெரடு நிமிஷா சார். ஈக சூப்பராகிதே!”

பன்னிரண்டு நிமிடமாம். இப்போது சூப்பராக இருக்கிறதாம்! ரசிகர்களின் கருத்தை மதித்து நேற்று சாயங்காலமே வெட்டிவிட்டார்களாம். ஜெரோமிடம் சொல்லலாமா? எந்தப் பன்னிரண்டு என்று எனக்கே தெரியாதே. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கிற சாமியை எல்லாம் கும்பிட்டேன். பக்கத்தில் இருந்தவர்களின் சாமியையும் சேர்த்துத்தான்.

“வந்துட்டானா?” படம் தொடங்கியதிலிருந்து ஆரோக்கியம் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இன்னும் இல்லமா. இன்டர்வெல்லுக்கு அப்புறம்” என்றார் ஸ்டெல்லா.

இன்டர்வெல்லும் முடிந்தது. ஹீரோவுக்கு போன் வருகிறது. ஆஸ்பத்திரி படிக்கட்டில் தாவித் தாவி ஏறுகிறான். ஜெரோம் என் கையைப் பிடித்தார். விரல் சில்லென்று இருந்தது. அடுத்த ஷாட்...

சுடுகாடு. சிதை எரிகிறது.

அவ்வளவுதான். பிணவறை இல்லை, சட்டை இல்லை, ஜெரோம் இல்லை.

“இன்னாபா இது?” என்றார் அம்மா. சத்தமாகத்தான். “எங்க என் புள்ள?”

பின்னாலிருந்து யாரோ ‘உஷ்’ என்றார்கள். ஜெரோம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த காட்சியிலாவது வந்துவிடுவோம் என்பதைப்போல. திரையில் ஹீரோ கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு சுடுகாட்டிலிருந்து ஸ்லோ மோஷனில் நடந்து வந்தார். வந்தார், வந்தார், வந்துகொண்டே இருந்தார். அதில் ஒரு நொடி கூட வெட்டவில்லை. அது லேக் இல்லையாம்!

சரி, கடைசியில் பெயராவது வருமே என்று உட்கார்ந்திருந்தோம். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. உடனே விளக்கைப் போட்டார்கள். துடைப்பத்தோடு ஆட்கள் உள்ளே வந்தார்கள். நடிகர்கள் பெயர் பாதி வந்ததும் திரை கறுப்பானது. அடுத்த ஷோவுக்கு நேரமாகிவிட்டதாம்.

நான் கேட்கிறேன். ரிங் ரோடில் ஒரு சிக்னலைத் தாண்ட முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காருகிற ஊர் இது. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் கையில் ஒரு சட்டையைக் கொடுத்து முடிக்கும்வரை நமக்குப் பொறுமை இல்லையா? சீரியலை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறோம். வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் கேட்கிறோம், சொந்த அம்மாவுடையதாக இருந்தாலும். இப்படி மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்? ரீல்ஸில்தானே?

வெட்டியவர்களையும் விடமாட்டேன். முதல் நாள் மைக்கில் நாலு பேர் கத்தியதும் கத்திரியைத் தூக்கிவிட்டீர்களே, உங்கள் படத்தின் மேல் உங்களுக்கே அவ்வளவுதான் நம்பிக்கையா? சரி, வெட்டிவிட்டீர்கள். அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? லாபியில் நின்றபடியே ஜெரோம் உதவி இயக்குநருக்கு மெசேஜ் போட்டார். பதில் உடனே வந்தது. கும்பிடு போடும் இரண்டு கைகள், ஒரு எமோஜி. அதிலும் லேக் இல்லை பாருங்கள்!

“பரவால்லமா. அடுத்த படத்துல பாத்துக்கலாம்” என்றார் ஜெரோம். சொல்லிவிட்டு, கேப் புக் பண்ணுகிறேன் என்று போனோடு ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். கேப் புக் பண்ண ஆளை மறைக்கும் தூண் தேவையில்லை. எனக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்கும் தெரியும். அவர் தம்பியின் பின்னால் போனார்.

ஆரோக்கியம் அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீ வெள்ளிக்கிழமையே பாத்தியேபா. அதுல இருந்தானா?”

“இருந்தார்மா. நல்லா இருந்தார்.”

“இன்னா பண்ணான்? சொல்லு.”

அங்கேயே ஒரு காபி கடை. உட்கார்ந்தோம். நான் ஒரு வரியில் சொன்னேன். “செத்துப்போனவரோட சட்டையை எடுத்து ஹீரோகிட்ட குடுப்பார்மா.”

“அப்டி இல்லபா. மொதல்லேர்ந்து சொல்லு. எப்டி எடுத்தான்?”

மறுபடி ஆரம்பித்தேன். மேஜை மேல் சட்டை கசங்கிக் கிடக்கும். ஜெரோம் அதை எடுத்து ஒரு உதறு உதறுவார். பையில் கை விட்டுப் பார்ப்பார். ஒரு சில்லறைக் காசு இருக்கும், அதை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுவார். காலரைத் தடவி நேராக்குவார். பிறகு மேல் பட்டனை மட்டும் போட்டு, மடித்து, இரண்டு கையாலும் கொடுப்பார். ஹீரோ முகத்தைப் பார்க்க மாட்டார்.

“மேல் பட்டன் மட்டுமா?”

“மேல் பட்டன் மட்டும்தான்மா.”

ஆரோக்கியம் அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவங்கப்பாவ வச்சிருந்த ஆஸ்பத்திரியில சட்டைய என் கையில குடுத்தாங்க. நான் அப்டிதான்பா மடிச்சேன். இவன் சின்னப் பையன். பக்கத்துல நின்னு பாத்துனு இருந்திருக்கான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன். உதறியதைச் சொன்னேன், காசைச் சொன்னேன், காலரைச் சொன்னேன். நடுவில் நிறுத்தி, எந்தக் கையால் என்று கேட்டார். அதையும் சொன்னேன். படத்தில் அந்தக் காட்சி ஒரு நிமிடம் கூட இருக்காது. நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு காபியும் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டன.

அந்த அம்மா ஒரு முறை கூட லேக் என்று சொல்லவில்லை.