வாசிக்காத வாசகி

நூலகர் என்றால் நாள் முழுக்க உட்கார்ந்து வாசிக்கலாம் என்று எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. வாசிக்கலாம்தான், வாசித்ததைப் பேச ஒரு ஆள் வேண்டுமே! மலையகத்தில், நோர்வூட் பக்கத்துச் சின்ன நூலகம் ஒன்றில் பதினோரு வருடமாக மாயாஜால நாவலும் விஞ்ஞானக் கதையுமாக வாசித்துத் தள்ளுகிறேன். டிராகன் செத்ததற்குத் தனியாக அழுத அனுபவம் உள்ளவர்களே, உங்களிடம்தான் சொல்கிறேன்.

பரீட்சை

ஆறு பாகங்கள் கொண்ட ஒரு டிராகன் நாவல். முதல் இரண்டும் அருமை. மூன்றாவதில் ராஜாக்களின் வம்சாவளி எழுதியே ஆளைக் கொல்கிறார்கள். ஐந்தாவதில் கிழட்டு டிராகன் தன் பெயரையே மறந்துபோகிற இடத்துக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம். இதையெல்லாம் ஒரு பாடசாலை ஆசிரியரிடம் ஆசையாகச் சொன்னேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: "ஏ.எல் பரீட்சைக்கு இதுலருந்து கேள்வி வருங்களா சேர்?"

சந்திரனில் லயம்

இன்னொன்று, சந்திரனில் சுரங்கம் தோண்டும் தொழிலாளர்களின் கதை. ஒரே கூரையின் கீழ் பத்து வீடு. பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே தூக்கம் போகும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், இதே மாதிரி வரிசை வீட்டில் பிறந்த எனக்கு, எழுதியவர் எங்கள் தோட்டத்துக்கு வந்து போனவரோ என்று சந்தேகமே வந்துவிட்டது. பிறகு அதைப் படமாக எடுத்தார்கள். படத்தில் ஆளுக்கொரு கண்ணாடி அறை, ஜன்னலுக்கு வெளியே பூமி! கோபம் தாங்காமல் கொழும்பில் இருக்கும் தம்பிக்கு போன் போட்டு அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "லயத்தப் பாக்கவா அண்ணே டிக்கட் எடுப்பாங்க?"

நீளமான நாள்

ஒருமுறை மழைக்கு நூலகத்தில் ஒதுங்கிய ராசம்மா அக்காவுக்கு, நம் நாற்பது நாள் சேர்ந்து ஒரே பகலாக நீளும் ஒரு கிரகத்தின் கதையைச் சொன்னேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாய் திறந்து கேட்டார். ஒருவழியாக ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் துள்ளினேன். மழை விட்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு அக்கா கேட்டார்: "அப்ப சாயங்காலம் வேலை விட நாப்பது நாளாகுமா தம்பி?"

ஒரு தப்புக் காரியம்

மூன்று வருடமாக யாரும் எடுக்காத புத்தகங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது எங்கள் விதி. பட்டியல் போட்டுப் பார்த்தால் முழுக்க என் டிராகன்களும் ராக்கெட்டுகளும்தான். என் பெயரில் ஒரு தடவைக்கு இரண்டுதான் எடுக்கலாம். கைப்பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன லெட்சுமி, "வந்து எடுத்துக்கிறேன்" என்று விட்டுப்போன நூலக அட்டை மேசை லாச்சியில் கிடந்தது. புத்தகங்களைக் காப்பாற்ற அவள் பெயரில் பதிந்து, நானே கொண்டுபோய் வாசித்தேன். வருடக் கடைசியில் பதிவுகளைப் பார்க்க வந்த அதிகாரிக்கு ஒரே சந்தோஷம்: "இந்தப் புள்ளைக்குத்தான் சிறந்த வாசகர் பரிசு!"

லெட்சுமி வந்தாள்

பரிசுச் செய்தி எப்படியோ அவள் வீட்டுக்குப் போய்விட்டது. விடுமுறையில் வந்தவள் நேரே நூலகத்துக்கு வந்து நின்றாள். அவள் ஒரு புகார் சொன்னால் வேலையும் போகும், புத்தகங்களும் போகும். அட்டையை நீட்டி உள்ளதைச் சொன்னேன். ஒவ்வொரு புத்தகப் பெயராக விரல் வைத்து வாசித்தாள். "அங்க நான் சட்டி கழுவுறப்ப இவ்வளவும் வாசிச்சிருக்கேனா? அப்ப எனக்குக் கதை தெரியணுமில்ல, சொல்லுங்க சேர்" என்று வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பட்டியலில் கடைசியாக இருந்ததைச் சொன்னேன். விண்கப்பல் ஒன்றின் சமையல்காரி. கப்பலில் அவளுக்கு ஒரு வருடம் போனால், ஊரில் அவள் பிள்ளைக்குப் பத்து வருடம் போய்விடும். லெட்சுமி அசையாமல் கேட்டாள். "திரும்பி வந்தப்ப பிள்ள அவள அடையாளம் கண்டுச்சா?" என்றாள். பதினோரு வருடத்தில் கதைக்குள்ளே வந்து என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அட்டையை எட்டிப் பார்த்து வேறு கதையைத் தேடினேன். கதையில் அந்தப் பிள்ளைக்குத் தாயைத் தெரியவில்லை. வெளியே ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து, அட்டையை மேசையில் வைத்தாள்: "மிச்சத்தையும் நான் வாசிச்சதாவே எழுதிருங்க சேர்."

இந்த வருடமும் எங்கள் சிறந்த வாசகி லெட்சுமிதான்; பேச ஆளில்லாத கவலையை மட்டும் இன்னும் என் பெயரிலேயே பதிந்துகொண்டிருக்கிறேன்.