தலையில் கட்டிய சிவப்பு

ராக்கம்மாவுக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், கை வேகமாகும். கோப்பிப் பழம் பறிக்கிறவளுக்கு அதைவிட நல்ல குணம் வேண்டாம் என்பான் மூக்கையா கங்காணி. காலையில் அவளை நாலு வார்த்தை சீண்டிவிட்டால் சாயங்காலம் ஒரு சாக்குப் பழம் கூடுதலாக வரும் என்று கண்டுபிடித்து வைத்திருந்தான் அந்தப் படுபாவி. ஆட்களை மேய்க்க அவனுக்குத் தடி தேவைப்பட்டதில்லை. யாருக்கு எது பழக்கம், யாருக்கு எதில் ஆசை என்று பார்த்து வைத்துக்கொள்வான். அது போதும் அவனுக்கு.

கட்டுகஸ்தோட்டை ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருந்தது அந்தக் கோப்பித் தோட்டம். உச்சி நிரையில், மேல்கடைசிச் செடி வரிசையில், நின்றால் மகாவலி ஆறும் அதன்மேல் வண்டி போகும் பாலமும் தெரியும். ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்தவள் ராக்கம்மா. கடல் தாண்டி மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடக்கும்போது புருஷனைப் பேதிக்குப் பறிகொடுத்தாள். அழுது முடிக்கக்கூட விடாமல் நடக்கச் சொன்னவன் இதே மூக்கையாதான். அதை அவள் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. கூட வந்த தம்பி செல்லச்சாமிக்குத் தோட்டத்திலேயே வடிவம்மாவைக் கட்டிவைத்தாள். அவர்களுக்கு ஒரு பெண் பிள்ளை, சீதா. ஆறு மாதம். தனக்கென்று பிள்ளை இல்லாத ராக்கம்மா உயிரையெல்லாம் அந்தச் சீதா மேல்தான் வைத்திருந்தாள்.

பறிப்புக் காலத்தில் கைப்பிள்ளைக்காரிகள் விடியலிலேயே அடிவாரத்துப் பலாமரத்தில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளைகளைப் போட்டுவிட்டு நிரைக்கு ஏறுவார்கள். கால் விளங்காத அழகம்மா தொட்டில்களைப் பார்த்துக்கொள்வாள். உச்சிப் பொழுதில் கொம்பு ஊதும். தாய்மார் இறங்கி வந்து பால் கொடுப்பார்கள். மற்றப் பெண்களும் அந்த அரைமணி நேரம் எங்கேயாவது முதுகைச் சாய்ப்பார்கள். விடிந்தது முதல் அடையும் வரை அவர்களுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான்.

அந்த அரைமணி நேரம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கண்ணை உறுத்தியது. பழம் பழுத்து உதிர்கிறது, இவர்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குதித்தான். கொம்பை நிறுத்தினால் ஆட்கள் பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடிவிடுவார்கள் என்று மூக்கையா தடுத்தான். கொம்பு ஊதட்டும், அவர்களே வராமல் இருக்கிற மாதிரி நான் செய்கிறேன் என்றான். செய்தும் காட்டினான்.

அடுத்த வாரம் மாரியம்மன் கல்லுக்கு முன்னால் எல்லாரையும் கூட்டினான். அம்மன் காலடியில் ஒரு சிவப்புத் துணி மடித்து வைத்திருந்தது. அதில் கறுப்பு மையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஓர் இலை. தோட்டத்துக் கோப்பிப் பீப்பாக்களில் தகடு வைத்து அடிக்கும் அதே குறி. அந்தக் குறி இருந்தால் லண்டனில் பீப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்குகிறார்களாம். அந்த வாரம் அதிகம் பறித்தவள் ராக்கம்மா. மூக்கையா துணிக்குக் குங்குமம் வைத்து, எல்லாரும் பார்க்க, அவள் தலையில் பரிவட்டமாகக் கட்டினான்.

பரிவட்டம் என்றால் என்ன என்று அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும். ஊரில் கோயில் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் தலைகள் வேறு. ஊர்த்தலைவர் அம்பலக்காரர், அவர் மகன், அவர் பேரன். இவர்கள் கோயில் வாசலுக்கு வெளியே வெயிலில் நின்று அதைப் பார்த்தவர்கள். இவர்கள் தலைக்கு அதுவரை ஏறியது சுமை மட்டும்தான். இப்போது கட்டுகிறான் ஒருவன், அதுவும் பொம்பளை தலையில். ராக்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. புருஷனை நினைத்துக்கொண்டாள். யார் கட்டுகிறான் என்பதைக்கூட அந்த நேரத்தில் மறந்துபோனாள். பின்னாளில் நினைத்து நினைத்துக் குமைந்தது அதற்காகத்தான்.

சிவப்புக் கட்டியவளுக்கு மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் வைக்க முதல் இடம். அரிசி போடும் நாளில் முதல் இடம். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. தலையில் சிவப்பைப் பார்த்ததும் மற்றவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். அடுத்த வாரம் இரண்டு துணி, அதற்கடுத்த வாரம் ஐந்து. இந்த வாரம் கட்டியவள் அடுத்த வாரம் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். அங்கேதான் இருந்தது சூட்சுமம். கட்டிப் பழகிய தலைக்கு வெறுமையாக இருப்பது அவமானமாகிவிட்டது. கொம்பு ஊதியது, நாலு பேர் இறங்கினார்கள். பிறகு இரண்டு பேர். பிறகு கொம்பு தன்பாட்டுக்கு ஊதியது.

ராக்கம்மா முதலில் கவனிக்கவில்லை. அவளும்தான் ஓடிக்கொண்டிருந்தாளே. ஒருநாள் பழம் கொட்ட இறங்கியவள் தொட்டிலை எட்டிப் பார்த்தாள். சீதாவின் வாயில் கஞ்சித்தண்ணீரில் நனைத்த துணித்திரியை வைத்துக்கொண்டிருந்தாள் அழகம்மா. பிள்ளையின் கன்னம் ஒட்டி, கழுத்தில் தோல் மடிந்து தொங்கியது.

"எத்தன நாளா அவ வரல?"

"பத்து நாளாச்சு. ராத்திரி குடுக்கிறதுதான். பகல்ல பால் கட்டி அவளும் துடிக்கிறா, இதுவும் கத்தித் தீக்குது. நான் என்ன செய்யட்டும்?" என்றாள் அழகம்மா.

அன்றே தன் தலைத்துணியை அவிழ்த்து மூக்கையா முன்னால் போட்டாள் ராக்கம்மா. ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய் வடிவம்மாவைப் பிடித்தாள். "பிள்ளைக்குப் பால் குடுக்காம உனக்குப் பரிவட்டம் கேக்குதோ?"

வடிவம்மா தலை நிமிரவில்லை. ஆனால் பதில் வைத்திருந்தாள். "நீங்க மூணு வாரம் கட்டுனீங்க மதினி. நான் ஒரு வாரம்கூடக் கட்டல."

 ராக்கம்மா விடுவிடுவென்று லயத்தை விட்டு வெளியே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்கு இறங்கினாள், பிள்ளைக்கு ஆட்டுப்பால் கிடைக்குமா என்று. கடைத்தெருவுக்குப் பின்னால் ஆடு வளர்க்கும் ருக்கியாவின் வீடு. பின்வாசலில் அண்டாவில் சிவப்புச் சாயத்துக்குப் பதிமுகக் கட்டை கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் சிவப்புச் சிவப்பாகத் துணிகள். ருக்கியா உட்கார்ந்து ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்கட தோட்டத்துக்குத்தான்" என்றாள் ருக்கியா. "குறிய அங்க கொண்டுபோய் அடிச்சிக்கிறாங்களாம்."

"இந்தத் துணி எங்கேர்ந்து வருதும்மா?"

"இதெல்லாம் ஒரு துணியா? கொழும்புலேர்ந்து சீலைப் பொதி வருதே, அதுக்கு மேல சுத்தின கோணி மாதிரித் துணி. பிரிச்சிட்டு வீசுறது. எங்கட வீட்டுல அடுப்புச் சட்டி எறக்க வெச்சிருந்தோம். ஒங்கட கங்காணிதான் சாயம் போட்டுத் தாங்கன்னு கேட்டாரு."

ராக்கம்மா கொடித் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தாள். சட்டி இறக்கும் துணி. இதை அம்மன் காலடியில் வைத்தான். பீப்பாவுக்கு அடித்த குறியை இதற்கும் அடித்து, அவள் தலையில் கட்டினான். அவளும் தலையைக் குனிந்து கொடுத்தாள். பால் வாங்க மறந்து பாதி வழி வந்து, திரும்பப் போய் வாங்கிக்கொண்டு ஏறினாள். வழிநெடுக அவனைத் திட்டினாள், தன்னையும் விடவில்லை.

சாயங்காலமே பீலிக்கரையில் எல்லாரிடமும் சொன்னாள். சொன்னால் கழற்றி எறிவார்கள் என்று நம்பினாள், பாவம். கேட்டார்கள். ஒருத்தி துணியைத் தடவிப் பார்த்தாள்.

"அங்க சட்டித் துணியா இருந்தா இருக்கட்டும். அம்மன் காலடியில வச்ச பிறகு அது அம்மன் துணிதானே" என்றாள் கைப்பிள்ளைக்காரி ரத்தினம்மா.

இன்னொருத்தி சிரித்தாள். "அவுங்களுக்கு இனிமே கெடைக்காது, அதான்."

சொல்லிவிட்டு, தலையில் சிவப்புக் கட்டியிருந்த அவளே முன்னால் போய்க் குடத்தை வைத்தாள். மற்றவர்கள் விலகினார்கள். பேசிப் பயனில்லை என்று ராக்கம்மாவுக்கு அப்போது தெரிந்துபோயிற்று.

மறுநாள் உச்சிக்குக் கொம்பு ஊதியது. யாரும் இறங்கவில்லை. ராக்கம்மா மட்டும் இறங்கினாள். தொட்டிலிலிருந்து சீதாவைத் தூக்கினாள். ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளாமல் பிள்ளை கக்கிக் கிடந்தது. தோளில் போட்டுக்கொண்டு நேராக உச்சி நிரைக்கு ஏறினாள். மூச்சு வாங்க வடிவம்மாவின் முன்னால் போய் நின்று, பிள்ளையை அவள் மார்பில் வைத்து அழுத்தினாள்.

"குடு. என் கண்ணு முன்னாடி குடு. குடுக்காம ஒரு பழம் பறிச்சே, கைய ஒடிச்சிருவேன்."

பிள்ளை மார்பில் முட்டியதும் வடிவம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. ரவிக்கை இல்லாத மார்பில் முந்தானையை விலக்கிப் பிள்ளையை அணைத்தாள். சீதா உறிஞ்சும் சத்தம் அடுத்த நிரைக்குக் கேட்டது. ராக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது வடிவம்மா முந்தானையைப் பிள்ளையின் முதுகைச் சுற்றி இறுக்கி, தோளில் முடிந்திருந்தாள். பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய இரண்டு கைகளும் பழம் பறித்துக்கொண்டிருந்தன.

நிரைக்கு மேலே துரையும் மூக்கையாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். துரை ஏதோ கேட்டான். மூக்கையா சிரித்தபடி ராக்கம்மாவைக் கைகாட்டினான்.

"துரைக்கு ரொம்பச் சந்தோசம், ராக்கம்மா. நல்ல யோசனைங்கிறார்."

புதன்கிழமைக்குள் கைப்பிள்ளைக்காரிகள் அத்தனை பேரும் அப்படியே கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கும் அது பிடித்திருந்தது. பிள்ளை பசியாறியது, பறிப்பும் நிற்கவில்லை. ரத்தினம்மா வந்து ராக்கம்மாவின் கையைப் பிடித்து, "ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றுகூடச் சொன்னாள். ராக்கம்மா அந்தக் கையை உதறிவிட்டு நடந்தாள். வியாழக்கிழமை பலாமரத்துத் தொட்டில்களை அவிழ்க்கச் சொல்லிவிட்டான் மூக்கையா. அழகம்மாவைப் பழம் பொறுக்க அனுப்பினான். வெள்ளிக்கிழமை உச்சிக்குக் கொம்பு ஊதவில்லை. பால் கொடுக்கத்தானே அந்த நேரம், இப்போது யாருக்கு வேண்டும் என்றான்.

சூரியன் தலைக்கு நேரே வந்ததும் ராக்கம்மா சாக்கை இறக்கிவைத்துவிட்டு நிரையின் நடுவிலேயே உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். இரு பக்கமும் பார்த்தாள். நூறு பேர் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குப் பால் குடுக்க உக்காந்திருக்க?" என்று மேலேயிருந்து கத்தினான் மூக்கையா. அவள் வாய் திறக்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

கீழேயிருந்து வடிவம்மா பறித்துக்கொண்டே மேலே வந்தாள். மார்பில் சீதா தூங்கிக்கொண்டிருந்தது. ராக்கம்மாவின் கால்மாட்டில் வந்து நின்றாள். பக்கத்தில் உட்காரத்தான் வருகிறாள் என்று ராக்கம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"கால மடக்கிக்கங்க மதினி" என்றாள் வடிவம்மா. "எனக்கு நேரமாகுது."