ஓகே அழுத்திப் பழகிய கை

அண்ணன் இறந்து மூன்று வாரம் கழித்து, அவருடைய கேரம் போர்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அண்ணி ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு வந்தார்.

"இத்த அவரு ஆடுன கிளப்புக்கே குட்த்துரலாம்னு கீறேன் தம்பி. முப்பதாம் நாள் பூசை முட்ச்சி பசங்க கையில குடுக்கணும். ஓரத்துக் கட்டையில அவரு பேரு, பொறந்தது, செத்தது. உன் மிசின்ல போட்டுக் குடு. பலகையில மட்டும் கை வெச்சிராத. அவங்க ஆடணும்."

சாவு வீட்டில் பந்தல்காரனுக்கு போன் போட்டதைத் தவிர நான் ஒன்றும் கிழிக்கவில்லை. இதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு வெறியே வந்தது.

மிசின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு அலுமினியச் சட்டம், நடுவில் ஓடும் லேசர் தலை, ஒரு பழைய லேப்டாப். கம்பெனியில் ஆளைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள்; பொழுது போகாமல் வாங்கியது. மரத்தில் கீசெயின், பெயர்ப்பலகை என்று சுட்டுக்கொண்டிருந்தேன். எழுத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்தால் போதும், தலை எல்லை தாண்டிவிடக்கூடும் என்று லேப்டாப்பில் ஓர் எச்சரிக்கை வந்து நிற்கும். ஆரம்பத்தில் பயந்தேன். பிறகு விவரம் புரிந்தது. ஒவ்வொரு வரியையும் சுடுவதற்கு முன் தலை வேகம் பிடிக்கக் கொஞ்சம் வெளியே போய்த் திரும்பும், அதைத்தான் சொல்கிறது. அதற்குச் சட்டத்தில் ஒரு விரல் இடம் இருக்கிறது. ஓகே அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதுவரை ஆனதும் இல்லை.

அழுத்துவதற்கு எனக்குச் சொல்லியா தர வேண்டும்? மணலிப் பக்கம் ஓர் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் பதினெட்டு வருடம் நான் பார்த்த வேலையே அதுதான். அலாரம் கத்தும், அமுக்குவோம். மறுபடி கத்தும், மறுபடி அமுக்குவோம். புதிதாக வந்தவன் எவனாவது எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று கேட்டால், "குந்து மாமு, அது சும்மா கூவிக்கினு கீது" என்போம். ஷிப்டுக்கு ஷிப்டு கைமாற்றிக் கொடுத்த ஞானம். தூ.

வெள்ளிக்கிழமை காலை போர்டின் மேல் மிசினை வைத்து, தலையை இடது மூலைக்குத் தள்ளி ஓரத்துக் கட்டைக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தினேன். எச்சரிக்கை வந்தது. ஓகே அழுத்தினேன். புகைக்குப் பயந்து டீ கிளாசோடு வாசலில் போய் நின்றேன். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது. தெருமுனையில் போகும் கண்டெய்னர் லாரி என்று நினைத்துக்கொண்டேன்.

லாரி இல்லை. தலை மிசின் சட்டத்தின் இடது விளிம்பில் முட்டி முட்டி பெல்ட் நழுவிக்கொண்டிருந்தது. நழுவிய ஒவ்வொரு முறையும் அடுத்த வரி கட்டையை விட்டு உள்ளே தள்ளிப்போய், ஆட்டப் பலகையைக் கறுப்பாகச் சுட்டிருந்தது. அண்ணன் பெயர் என்று படிக்கக்கூட முடியவில்லை. ஸ்ட்ரைக்கர் ஓட வேண்டிய இடத்தில் நகம் இறங்கும் அளவுக்குப் பள்ளம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. முந்தின நாள் வட்டக் கீசெயினுக்காகத் தொடக்கப் புள்ளியை நடுவில் வைத்திருந்தேன்; மூலைக்கு மாற்றாததால் தலை நின்ற இடத்துக்கு இரண்டு பக்கமும் எழுத்து விரிந்திருக்கிறது. எழுத்தில் பாதி உண்மையாகவே எல்லைக்கு வெளியே இருந்திருக்கிறது. சுடாமல் தலையை ஒரு சுற்று வெறுமனே ஓடவிட்டிருந்தால் அப்போதே முட்டித் தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடத்தை முன்னால் செலவழிக்க எனக்கு என்ன கேடு? என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் அண்ணி வந்தார். நான் மறைக்கவில்லை.

"மிசின் சொல்லுச்சு அண்ணி. எப்பவும் அப்டித்தான் சொல்லும், ஒண்ணும் ஆவாதுன்னு நெனைச்சிட்டேன்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவினார்.

"அன்னிக்கு ராத்திரி உங்க அண்ணன் உனக்குத்தான் போன் பண்ணாரு. நெஞ்ச இழுத்துப் புடிக்கிதுடான்னு. கேஸா இருக்கும், சோடா குட்ச்சிட்டு படுண்ணேன்னு சொன்னியாம். எங்கிட்ட சொல்லிட்டு, சோடா குட்ச்சிட்டுத்தான் படுத்தாரு."

அவ்வளவுதான் சொன்னார். போர்டை நிமிர்த்திக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். அந்த போன் பேச்சு எனக்கும் அண்ணனுக்கும் மட்டுமே தெரியும் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.