கொடியடியில் பூத்த உவர்

1940 மே 14. ஏரி வண்டல், 62 வண்டி. ரூ. 46-8-0.
1941 மே 20. ஏரி வண்டல், 90 வண்டி. ரூ. 67-8-0.
1943 ஜூன் 8. அதே மண்ணை வாரி வெளியே கொட்ட, 152 வண்டி. ரூ. 152-0-0.

மூன்றும் இண்டூர்ப் பக்கம் கல்மேட்டில் இருந்த திராட்சைத் தோட்டத்தின் செலவு. அங்கே நான் கணக்கெழுதினேன், மேஸ்திரி சவுரியப்பன். தோட்டம் பெங்களூரில் இருந்த ஒரு துரைக்குச் சொந்தம். 1937 அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தபின், மாதா கோயில் பூசைக்கு வேண்டிய ஒயினை மட்டும் அனுமதிச் சீட்டோடு தயாரித்துவந்தோம்.

கொடிகளை 1929-இல் நட்டவர் சவுரியப்பன்தான். ஒரு முழத்துக்குச் செம்மண், அதற்குக் கீழே உடைகல். தண்ணீர் நிற்காது. கொடிகள் கல்லிடுக்கில் வேரை இறக்கிப் பிழைத்தன. குலை சிறியது, பழம் சுண்டைக்காய் அளவு. ஆனால் தோல் தடித்து, சாறு மையாய்க் கறுத்து வரும். வருஷத்துக்கு மூன்று பீப்பாய். ஐந்து வருஷம் கிடந்தாலும் கெடாது.

சவுரியப்பனுக்குச் சொந்த நிலம் இல்லை. அவர் அப்பா அடுத்தவர் காட்டில் ராகி விதைத்தே முடிந்துபோனவர். 1940 ஏப்ரலில் துரை எழுதினார்: யுத்தத்தால் சீமை ஒயின் வரத்து நின்றுவிடும் போலிருக்கிறது, கோயில்கள் நம்மிடம் கேட்கின்றன, தொடர்ந்து மூன்று அறுப்பு இரட்டிப்பாய்க் கொடுத்தால் மேட்டிலேயே நான்கு ஏக்கர் மேஸ்திரி பேருக்கு எழுதித் தருகிறேன்.

எங்கள் பக்கத்தில் நிலத்தில் விளைச்சல் கூட வேண்டுமென்றால் செய்வது ஒன்றுதான். கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அள்ளிப் பரப்புவார்கள். ராகிக்கு அதைப்போல் வேறு உரம் இல்லை. மேஸ்திரி அதையே கொடிகளுக்கும் செய்தார்.

வண்டிக்கார குப்புராஜ் மண்ணைச் சரித்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க மேஸ்திரி, கொடிக்கே இத்தன ஊட்டுனா எங்கக்காளுக்கு என்னத்த மிச்சம் வெப்பீங்க?”

“நாலு ஏக்கரா வெப்பேன். நீ வண்டியத் தட்டு.”

குப்புராஜ் அக்காள் என்று சொன்ன, மேஸ்திரியின் மனைவி சாலம்மாள் பந்தலடியிலிருந்து குரல் கொடுத்தார்: “மொதல்ல வூட்டுக் கூரைக்கு நாலு ஓலை வெக்கச் சொல்லுப்பா. ஏக்கரா பொறவு வரட்டும்.”

1941 மார்ச்சில் குலைகள் பந்தலை வளைத்தன. ஆறு பீப்பாய். அந்தக் கோடையில் இன்னும் தொண்ணூறு வண்டி வண்டல். 1942-லும் ஆறு பீப்பாய் நிறைந்தது. ஆனால் சாறு வெளுத்திருந்தது. மழைக்கு முன்பே இரண்டு பீப்பாய் புளித்துக் காடியாகிவிட்டது. மேஸ்திரி பீப்பாய்ப் பலகையைக் குறை சொன்னார். பாய்ச்சிய தண்ணீர் மறுநாளும் கொடியடியில் தேங்கி நின்றது. மண் இப்போதுதான் ஈரம் பிடிக்கிறது என்று அதற்கும் சந்தோஷப்பட்டார். ஆடியில் இலைகளின் ஓரம் கருகத் தொடங்கியது. வேப்பம் புண்ணாக்கு வைத்து, இன்னும் தண்ணீர் விட்டார்.

அந்த டிசம்பரில் ஒரு காலை, ஊரில் துணி வெளுக்கும் மாதையன் இரண்டு கூடையோடு வந்து நின்றார்.

“மேஸ்திரிங்க, உங்க தோட்டத்துல கொஞ்சம் மண்ணு அள்ளிக்கட்டுங்களா?”

“எதுக்குப்பா?”

“துணி வெளுக்கத்தாங்க. ஏரிக்கரை உவர் மண்ணு தீந்துபோச்சு. உங்க கொடியடியில நல்லாப் பூத்துக் கெடக்குதுங்க.”

வேலையாட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி குனிந்து பார்த்தார். வரிசை நெடுக, மாவு தூவினாற்போல வெள்ளை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

வண்டலில் இருந்த உப்பு அது. மானாவாரி ராகிக் காட்டில் மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். இங்கே வண்டலின் களிமண் கல்லிடுக்குகளை அடைத்துவிட்டது. வருஷம் முழுக்க நாங்கள் பாய்ச்சிய கிணற்று நீர் கீழே இறங்க வழியில்லாமல் நின்று வற்றி, உப்பை மேலே விட்டுப்போயிருந்தது.

“அள்ளிக்கோ,” என்றார் மேஸ்திரி. “எவ்வளவு வேணுமோ அள்ளிக்கோ.”

மாதையன் இரண்டு கூடைதான் எடுத்தார்.

மூன்றாம் அறுப்பில் ஒரு பீப்பாய்கூட நிறையவில்லை. துரைக்கு உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார் மேஸ்திரி. ஜூனில் மண்ணை வாரினோம். வேர்கள் கறுத்திருந்தன, தொட்டால் தோல் கழன்று வந்தது. ஐப்பசியில் கவாத்து வெட்டியபின் பத்துக்கு ஒரு கொடிதான் துளிர்த்தது. துரை கேட்டபடி, சோதித்துப் பார்க்க நான்கு டப்பாவில் மண் பெங்களூருக்குப் போயிற்று.

“ஒரு நல்ல மழை பேஞ்சா கழுவிக்கிட்டுப் போயிரும்” என்று மேஸ்திரி தினமும் சொல்வார். சாலம்மாள் பண்டபாத்திரங்களை ஒவ்வொன்றாக மாரண்டஹள்ளியில் இருந்த தம் அண்ணன் வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்.

துரையின் கடைசிக் கடிதம் வந்தபோது மேஸ்திரி பட்டுப்போன கொடிகளைப் பந்தலில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே நின்று படித்துக் காட்டினேன். மண் இனித் திராட்சைக்கு ஆகாது. கொடிகளைப் பிடுங்கிவிடவும். பந்தல் கல்தூண்களை விற்கவும். மேஸ்திரி மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யவும். நான்கு ஏக்கரைப் பற்றி ஒன்றும் இல்லை.

கடிதம் வந்த நாள் 1944 ஏப்ரல் 17, திங்கட்கிழமை. மாதம் முடியப் பதின்மூன்று நாள்.