செப்புச் சுவர் எழுப்பிய ரிம்மா

ரிம்மா தாராசொவ்னா பட்டம் எதுவும் வாங்கியவள் இல்லை. சைபீரியாவின் நோவசிபிர்ஸ்க் நகரில் பதினோரு வருஷம் அடுக்குமாடிகளுக்குச் சுவர் பூசினாள். முட்டி மக்கர் செய்யவே, ஓப் ஆற்றங்கரைப் பட்டறை ஒன்றில் உலோகத் தூள் பீய்ச்சும் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே எதையும் உருக்குவதில்லை. சூடாக்கிய வாயு குழல் வழியே தூளை அசுர வேகத்தில் அடிக்கும். மோதிய இடத்தில் ஒட்டிக்கொண்டு உலோகம் வளரும்.

வளரும்தான், நேராக வளராது. சுவர் எழுப்பப் போனால் ஓரம் சரிந்து, நாலு விரல் உயரத்துக்குள் கூம்பிப் போகும். எஞ்சினியர் கெர்மன் இல்யிச் இரண்டு வருஷம் கணக்குப் போட்டுக் கைவிட்டிருந்தார். நிர்வாகமோ கெடு வைத்துவிட்டது: வெள்ளிக்கிழமைக்குள் நேராக நிற்கிற, வளைத்தால் விரிசல் விடாத செப்புச் சுவர் வேண்டும். இல்லாவிட்டால் பீய்ச்சும் அறை பெயின்ட் பிரிவுக்கு, ரிம்மா வாசல் காவலுக்கு.

"நடுவுலயே அடிச்சா குவியத்தான் செய்யும். மூலை பூசுறப்ப நாங்க கரண்டியைச் சாய்ச்சுப் பிடிப்போம். குழலையும் ரெண்டு ஓரத்துலயும் சாய்ச்சு அடிக்கிறேன்," என்றாள் ரிம்மா.

"இது சுண்ணாம்பு இல்ல, தாராசொவ்னா."

"தெரியுது. சுண்ணாம்பா இருந்தா இத்தனை நாள்ல என்னைக் கேட்டிருப்பீங்களே!"

புதன்கிழமை ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் நின்றது. மட்டம் வைத்துப் பார்த்தார்கள். மயிரிழை கூடப் பிசகவில்லை. உலையில் சூடேற்றி ஆறவைத்தபின் இல்யிச் ஒரு பட்டையை அறுத்து வளைத்தார். படக்கென்று உடைந்தது.

"உருவம் இருக்கு, உசுரு இல்ல," என்றார்.

ரிம்மா பட்டையைக் கையில் எடுத்தாள். உடைந்த இடத்தைப் பார்த்தாள். செம்பு நிறமாக இல்லை, பழுப்பேறியிருந்தது. அவள் பார்வை ஜன்னலடியில் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் அடுக்குக்குப் போனது. வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி உறைகுளிர். நனைந்ததையெல்லாம் எல்லோரும் காயவைப்பது அதன்மேல்தான். அவளுடைய ஈரக் கையுறைகள், கம்பளிப் பூட்ஸ், பக்கத்திலேயே மூடி திறந்த செப்புத்தூள் டப்பா. தூளும் காயட்டுமே என்று திங்கட்கிழமை அவளே வைத்தது. சூட்டிலும் ஈர ஆவியிலும் தூள் களிம்பேறிக் கறுத்திருந்தது; அப்படிப்பட்ட தூள் உறுதியாக ஒட்டாது.

சொல்லாமல் அமுக்கியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

"தப்பு என்னோடதுதான், இல்யிச். பூட்ஸோட சேத்து செம்பையும் காயப் போட்டுட்டேன்."

இல்யிச் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரிப்பை அடக்க முடியவில்லை. "சைபீரியாக்காரி வேற எங்க வெப்பா! போய்ப் புது டப்பாவை உடை."

வெள்ளிக்கிழமை மறுபடி சுவர் எழும்பியது, அதே உயரம், அதே நேர். மேலதிகாரிகள் சுற்றி நின்றார்கள். இல்யிச் அதிலிருந்து அறுத்த பட்டையை இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலை ஓங்கினார். வளைந்தது. இன்னும் அடித்தார், மடிந்து முனையோடு முனை தொட்டது. கீறல் இல்லை. ரிம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவள் விடுவதாயில்லை.

"நிறுத்தாதீங்க, திருப்பிப் போட்டு அடிங்க. அப்புறம் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது."

திருப்பிப் போட்டு அடித்தார். வியர்த்துக் கொட்டியது, தோள் வலித்தது, பட்டை மட்டும் உடையவில்லை. கடைசியில் சுத்தியலை அவள் கையில் திணித்தார்.

"என்னால முடியல. அறை உன்னோடது, தாராசொவ்னா. முடிஞ்சா நீயே உடைச்சுக்கோ!"