குளத்தை மூடிய பிறகு

பர்மாவில், தாகேதா என்ற பேட்டையில், எங்கள் தெருக்கோடியில் ஒரு குளம் இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். ஒரு கோடையில் லாரி லாரியாக ஊர்க் குப்பையைக் கொட்டி, மேலே மண் போட்டு அதை மூடினார்கள். பிறகு சுற்றுச்சுவர் எழுப்பி உள்ளே ஒரு கிடங்கு கட்டினார்கள்.

அடுத்த மழைக்கே தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆற்றில் கடல் ஓதம் ஏறும் நாளில் ஓடைத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து, கறுப்பாக, எண்ணெய் மினுங்க வரும். என் கணவர் அலோன் என்னும் கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவர். அவர் வார்டு ஆபீசுக்குப் போய்க் குளத்தைப் பற்றிச் சொன்னார். திரும்பி வந்தவரிடம் கேட்டேன்.

"என்ன சொன்னாங்க?"

"அங்க குளமே இருந்ததில்லையாம். பேப்பர்ல இல்லையாம்."

அதன்பின் அவர் யாரிடமும் போகவில்லை. உடைந்த செங்கல் கொண்டுவந்து கொட்டித் தரையை உயர்த்தினார். இரண்டு மழைக்குப் பிறகு மறுபடியும் உயர்த்தினார். இப்போது நிலைப்படியில் குனிந்துதான் நுழைகிறோம். தலையில் இடிக்கிறது என்று மின்விசிறியைக் கழற்றிவிட்டோம். கரண்ட் வருவதே அபூர்வம் என்பதால் அதற்காக யாரும் வருத்தப்படவில்லை.

பக்கத்து வீட்டுப் பர்மிய அக்காவுக்குத் தரையை உயர்த்த வழியில்லை. தனி ஆள், காலையில் மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்றுப் பிழைத்தவர். போன மழைக்காலத்தில் தண்ணீர் முழங்கால் வரை நின்றபோதும் அடுப்பைக் கட்டில்மேல் வைத்து மீன்குழம்பு காய்ச்சினார்.

"எங்க வீட்டுக்கு வந்துடுங்க, அமா" என்று பர்மிய மொழியில் அக்கா முறை வைத்துக் கூப்பிட்டேன்.

"நான் வந்துட்டா பானையை யாரு பாத்துக்குவா?" என்று சிரித்தார்.

அவர் காலில் ஒரு வெட்டுக்காயம் இருந்தது. அதோடுதான் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். திடீரென்று காய்ச்சல் கண்டது, கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, தாமதமாகிவிட்டது என்றார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இறந்தார். வண்டி தெருவுக்குள் வரமுடியவில்லை. என் கணவரும் இன்னும் மூன்று பேரும் பாயோடு தோளில் தூக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பெரிய ரோடு வரை நடந்தார்கள். அன்று முழுவதும் அவர் சாப்பிடவில்லை. "கனமே இல்ல, ஒண்ணுமே கனமில்ல" என்று மட்டும் சொன்னார்.

வீட்டை விற்றுவிடலாம் என்று நினைத்தோம். தெரு காய்ந்த பிறகு ஒருவர் பார்க்க வந்தார். நிலைப்படியில் குனிந்தவர், தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

என் மகள் வேலை பார்த்த தையல் ஆலையும் அதற்குள் மூடிவிட்டது. அவளுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மிய மொழியில்தான். அன்று எனக்காகத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, நான் தாய்லாந்து போறேன். போகவா?"

போகாதே என்று சொல்ல எங்களிடம் ஒரு காரணமும் இல்லை. அவள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான்தான் அவளுடைய துணிகளை மடித்து வைத்தேன்.

இப்போது நாங்கள் இருவர் மட்டும். துறையில் கப்பல்கள் குறைந்துவிட்டன. பல நாள் அவர் போன வேகத்திலேயே திரும்பி வருகிறார். மேற்கே வானம் கறுத்தால் எழுந்து, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறார்.