குடிக்காதவளின் சிவந்த மூக்கு

டிம்ப்னா டூஹி பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மது தொட்டதில்லை. மதுவைத் தொடமாட்டேன் என்று தேவாலயத்தில் உறுதி எடுத்தவர்கள் குத்திக்கொள்ளும் சின்ன பேட்ஜ் அவள் கோட்டிலும் உண்டு. அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் பிழைப்பு; அதை விட்டால் வேறு நாதியில்லை. நான் அவளுடைய அண்ணன் மனைவி. இந்த ஊர்க்காரர்களை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

நாற்பது வயதுக்கு மேல் அவள் கன்னமும் மூக்கும் சிவக்க ஆரம்பித்தன. கடற்காற்று, வெயில், சூடான பானம், எது பட்டாலும் முகம் எரியும்; பொடிப் பொடியாகக் கொப்புளம் கிளம்பும். அக்கம்பக்கத்தில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவி இன்னும் கெடுத்துக்கொண்டாள்.

"அந்தக் கண்றாவிய மொதல்ல நிறுத்துங்க," என்றார் மருத்துவர். "இது ரோசேசியாங்கிற தோல் நோய். அடியோட போகாது, அடக்கி வைக்கலாம். எதனால கிளம்புதுன்னு பாத்து அதத் தள்ளி வைங்க."

வேறு களிம்பும் வெயில் படாமல் பூசிக்கொள்ள கிரீமும் எழுதிக் கொடுத்தார்.

அவளுக்கு முதல் எதிரி சூடான தேநீர். இங்கே கொதிக்கக் கொதிக்க நீட்டும் கோப்பையை வேண்டாம் என்றால் வீட்டாருக்கு முகம் சுண்டிப்போகும். அதனால் போகிற இடமெல்லாம் பால் கலக்காத ஆறின தேநீரைக் கண்ணாடிப் புட்டியில் கொண்டுபோனாள். அதில்தான் வந்தது வினை. பேருந்தில் அவள் அதைக் குடிப்பதை அதில் போகும் பிள்ளை ஒன்றின் தாயான கிரானியா லூபி பார்த்துவிட்டாள். புட்டியில் விஸ்கி நிறம், மேலே சிவந்த மூக்கு. போதாதா? நேரே பள்ளி நிர்வாகக் குழுவிடம் போனாள்.

குழுவின் முன்னால் டிம்ப்னா புட்டியை நீட்டினாள். "டீதாங்க. நீங்களே மோந்து பாருங்க."

"ஆறின டீய எவடி குடிப்பா? நாய்கூட மூஞ்சியத் திருப்பிக்கும்!" என்றாள் கிரானியா. ஒருத்தரும் மோந்து பார்க்கவில்லை.

காவல் நிலையத்தில் ஊதிக் காட்டினாள். மது இல்லை. மருத்துவர் சான்றும் கொடுத்தார். "இன்னிக்குக் குடிக்கல, அவ்ளோதானே," என்று சொல்லி, குழுத் தலைவர் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். பேட்ஜைக் குத்திக்கொண்டு திருட்டுக் குடி என்று கடைக்குக் கடை சிரித்தார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! அழுதால் இன்னும் சிவக்கும் என்று அவள் அழுகையைக்கூட விழுங்கினாள்.

சில மாதத்தில் மருந்து வேலை செய்தது. கொப்புளம் அடங்கியது. மிச்சச் சிவப்பைப் பச்சைச் சாயல் கிரீமும் பவுடரும் போட்டு மறைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கு வந்தாள். வாசலிலேயே கிரானியா ஓடிவந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டி, நீ குடிய விட்டுருவேன்னு! மூஞ்சியே சொல்லுதே!"

"எத்தன பேரால முடியும் இது!" என்றார் குழுத் தலைவர். "நாளைக்கே வண்டிய எடும்மா."

எனக்கு அவர்கள் மூஞ்சியில் காறித் துப்பலாம் போலிருந்தது. வாயைத் திறந்தேன். டிம்ப்னா என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அவர்களிடம். "எல்லாம் உங்க ஜெபந்தான்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

தெருவுக்கு வந்ததும், "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று சீறினேன்.

"எனக்கு வண்டி வேணும் அண்ணி. குடிய விட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."